குடியிருப்பவர்தான் வீட்டு வரி கட்ட வேண்டும்: இங்கிலாந்துக்குப் போகும் நம்மூர் நர்சுகளுக்கு

கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு லீவு போட்டுக் குடியாத்தம் வந்திருந்தேன். திருவிழா முடிந்த மறுநாள் சாயங்காலம் பின் தெருப் பெண் ஒருத்தி வேலை உத்தரவோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். வேலூரில் நர்சிங் முடித்தவள், அடுத்த மாதம் விமானம். "அக்கா, சம்பளம் இவ்ளோன்னு போட்டிருக்காங்க. கையில எவ்ளோ வரும்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்: "அது கெடக்கட்டும்டி. வாடகைக்கு இருக்கறவங்களே வீட்டு வரி கட்டணும், அத்த மொதல்ல சொல்லு."

அம்மா சொன்னதுதான் சரியான வரிசை. சம்பளத்தில் பிடிப்பது தானாகப் பிடிபட்டுவிடும். வீட்டோடு ஒட்டி வரும் கட்டணங்கள் அப்படியில்லை, நாமே போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். அன்று ராத்திரி அவளுக்குச் சொன்னதையெல்லாம், விட்டுப்போனதையும் சேர்த்து, இங்கே எழுதி வைக்கிறேன். இது இங்கிலாந்துக் கணக்கு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்து போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் மாறும்.

நம்மூரில் வீட்டு வரி வீட்டுக்காரர் பாடு. வாடகைக்கு இருப்பவருக்கு அந்த ரசீது எந்த நிறம் என்றுகூடத் தெரியாது. கரண்டுக்கு மீட்டர் பார்க்க ஆள் வருவார். மீட்டர் பக்கத்தில் ஆணியில் நைனா ஓர் அட்டையை மாட்டி வைத்திருப்பார். வந்தவர் அதில் எண்ணைக் குறித்துவிட்டுப் போவார். கேட்டு வாங்க வாசலுக்கு யாராவது வருவார்கள் என்ற பழக்கத்திலேயே வளர்ந்தவர்கள் நாம். அங்கே வாசலுக்கு யாரும் வருவதில்லை. ஆனால் நாம் சாவி வாங்கிய நாளிலிருந்து கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

நான் போனது 2021 அக்டோபரில். முதல் மூன்று மாதம் மருத்துவமனைக் குடியிருப்பு, எல்லாம் வாடகையிலேயே அடக்கம். 2022 ஜனவரி நடுவில் ஆம்பூர்ப் பெண் ஒருத்தியோடு சேர்ந்து ஒரு சின்ன வீடு எடுத்தேன். கதவின் கீழ்த் துளை வழியாகக் கடிதங்கள் விழும். பாதி பழைய குடித்தனக்காரர் பெயரில் இருக்கும், சிலவற்றில் 'குடியிருப்பவருக்கு' என்று மட்டும் போட்டிருக்கும். நம் பெயர் இல்லையே என்று ஜன்னலோரம் அடுக்கி வைத்தோம். மே மாதம் எங்கள் இருவர் பெயரையும் போட்டே ஒரு கடிதம் வந்தது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை கவுன்சில் டாக்ஸ், அதாவது அந்த ஊர் நகராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி, பாக்கி 300 பவுண்டுக்கு மேல், அதோடு புது வருடத்து பில்லும். இரண்டு பேரும் அந்த மாதம் ஊருக்குப் பணம் அனுப்பவில்லை. அம்மாவுக்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் அவள் அதை இன்றுவரை மறக்கவில்லை.

கவுன்சில் டாக்ஸ் என்பது நம்ம நகராட்சி வீட்டு வரி மாதிரிதான். குப்பை எடுப்பது, தெரு விளக்கு, நூலகம், முதியோர் பராமரிப்பு, போலீசுக்கும் தீயணைப்புக்கும் ஒரு பங்கு என்று போகும். ஆனால் பொதுவாகக் கட்ட வேண்டியவர் அங்கே குடியிருக்கும் பெரியவர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஏ முதல் எச் வரை ஒரு பேண்ட், அதாவது விலைப் பிரிவு, உண்டு. அந்த வீடு 1991 ஏப்ரல் 1 அன்று என்ன விலை போயிருக்கும் என்பதை வைத்துப் போட்டது அது. போன வருடம் கட்டின வீட்டுக்கும் 1991 விலையைத்தான் மதிப்பிடுவார்கள். ஒரே ஊரில் டி பேண்ட் வீட்டுக்கு வருடம் 2,100 பவுண்டு என்றால் ஏ பேண்டுக்கு 1,400, எச் பேண்டுக்கு 4,200. வாடகை ஐம்பது பவுண்டு குறைவு என்று ஒரு வீட்டைப் பிடித்துவிட்டு வரியில் அதைவிட அதிகம் விடுவது அடிக்கடி நடக்கிறது. வீடு பார்க்கப் போகும்போதே பேண்ட் என்ன என்று கேளுங்கள். முகவரியைப் போட்டால் அரசு இணையதளமே காட்டும்.

செய்ய வேண்டியது இதுதான். குடிவந்த வாரமே அந்தக் கவுன்சிலின் இணையதளத்தில் போய் எந்த தேதியிலிருந்து, எத்தனை பெரியவர்கள் என்று பதிவு செய்யுங்கள். தனியாக இருந்தால் 25 சதவீதம் குறையும். அதைக் கேட்டால்தான் தருவார்கள். முழுநேர மாணவர்களை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களையும் இல்லை. ஆகவே நர்சு ஒருத்தி, எம்.எஸ். படிக்கும் தங்கை ஒருத்தி என்று இருவர் இருந்தால் நர்சு ஒருத்தி மட்டும் இருப்பதாகக் கணக்கு, அந்த 25 சதவீதம் உண்டு. வீடு முழுக்க மாணவர்கள் என்றால் வரியே இல்லை. கல்லூரியிடம் கடிதம் வாங்கிக் கொடுக்க வேண்டும். ஆம்பூர்ப் பெண் வேறு ஊருக்கு மாறிப் போனபோது நான் இந்தத் தள்ளுபடியைக் கேட்டு வாங்கினேன். பிறகு என் கணவர் வந்து சேர்ந்தார். வந்த வாரமே சொன்னேன், தள்ளுபடி நின்றது. சொல்லாமல் விட்டால் பின் தேதியிட்டுக் கேட்பார்கள், அபராதமும் போடலாம்.

அறையெடுத்துத் தங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி ஒப்பந்தம் போட்டு விடும் வீடு என்றால் பெரும்பாலும் வீட்டுக்காரர்தான் வரி கட்டுவார். ஒரே ஒப்பந்தத்தில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் மூன்று பேருமே முழுத் தொகைக்கும் பொறுப்பு. கூட இருந்தவர் சொல்லாமல் ஊரை விட்டுப் போனாலும் "என் பங்கை நான் கட்டிவிட்டேன்" என்பது அங்கே எடுபடாது. யாரோடு சேர்ந்து கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று இரண்டு முறை யோசியுங்கள்.

பில் வழக்கமாக ஏப்ரலிலிருந்து ஜனவரி வரை பத்துத் தவணை. பிப்ரவரி, மார்ச் கையில் பணம் நிற்கும். பன்னிரண்டு தவணை வேண்டுமென்றால் எழுதிக் கேட்கலாம், அப்படி வாங்கினால் மாதா மாதம் கொஞ்சம் இலேசாக இருக்கும். ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் கடிதம் வரும், ஏழு நாள் அவகாசம். அதற்குள் கட்டாமல் மேலும் ஒரு வாரம் போனால் தவணை வசதியே போய்விடும், மிச்சம் இருக்கும் முழு வருடத்தையும் ஒரேயடியாகக் கேட்பார்கள். அதற்கப்புறம் நீதிமன்றச் செலவு, வசூல் ஆள் என்று போகும். பணம் இல்லாத மாதம் என்றால் அந்த ஏழு நாளுக்குள் போன் போட்டுச் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொல்கிறவருக்குத் தவணையை மாற்றித் தருவதை நானே பார்த்திருக்கிறேன்.

இனி மீட்டர்.

சாவி கைக்கு வந்ததும் பெட்டியை இறக்குவதற்கு முன்னால் கரண்டு மீட்டர், கேஸ் மீட்டர், இருந்தால் தண்ணீர் மீட்டர் மூன்றையும் போட்டோ எடுங்கள். எண்ணும் மீட்டரின் வரிசை எண்ணும் தெளிவாகத் தெரியட்டும். ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். நைனா ஆணியில் மாட்டிய அட்டையை நினைத்துக்கொண்டு நான் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி வைத்தேன். மாதத்தின் முதல் தேதி மூன்று எண்களையும் அதில் குறிப்பேன். ஏற்கெனவே அந்த வீட்டுக்கு யார் கரண்டு, கேஸ் கொடுக்கிறார்களோ அந்தக் கம்பெனியிடமே நாம் முதல் நாளிலிருந்து வாங்குவதாகக் கணக்கு. யார் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர்களிடம் பெயரும் அந்த எண்ணும் கொடுங்கள். பிடிக்காவிட்டால் பிறகு மாறிக்கொள்ளலாம். எண் கொடுக்காவிட்டால் அவர்களாக மதிப்புப் போட்டு பில் அனுப்புவார்கள், பழையவர் எரித்ததும் நம் தலையில் விழும்.

நம்மூரில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் சில யூனிட்டுகள் இலவசம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் பெரிதாக ஒன்றும் வராது. அங்கே ஒரு யூனிட்கூட எரிக்காவிட்டாலும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று நிலைக் கட்டணம் ஓடும். கரண்டுக்குத் தனி, கேஸுக்குத் தனி. 2025-இல் இரண்டும் சேர்ந்து சராசரியாக ஒரு நாளைக்கு 80 பென்ஸுக்கு மேல். நான் ஐந்து வாரம் குடியாத்தம் வந்திருந்தபோது பூட்டிக் கிடந்த வீட்டுக்கும் அது ஏறிக்கொண்டுதான் இருந்தது. பில்லைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். அதை மாதச் செலவில் முன்கூட்டியே 25 பவுண்டு என்று எழுதி வைத்துவிடுங்கள்.

அதைவிடக் குழப்பம் தருவது டைரக்ட் டெபிட். கம்பெனி வருடச் செலவை மதிப்பிட்டு, பன்னிரண்டாகப் பிரித்து நம் வங்கிக் கணக்கிலிருந்து மாதா மாதம் ஒரே தொகையைத் தானே எடுக்கும். கோடையில் எரித்தது 60 பவுண்டுக்கு, எடுத்தது 130 என்றால் ஏமாற்றுகிறார்கள் என்றுதான் தோன்றும். அந்த மிச்சம் நம் கணக்கில்தான் நிற்கிறது. டிசம்பர், ஜனவரியில் ஹீட்டர் ஓடும்போது அது கரையும். வீட்டைச் சூடாக்குவது பெரும்பாலும் கேஸ்தான், குளிர்கால பில்லின் பெரும்பகுதி அதுதான். ஆனால் அவர்கள் மதிப்பு சரியா என்று பார்க்க அலமாரித் தாள் வேண்டும். என் கணக்கில் வசந்த காலத்தில் 300 பவுண்டுக்கு மேல் நின்றது. எண்களைக் காட்டிக் கேட்டேன், தொகையைக் குறைத்தார்கள்.

சில பழைய வீடுகளில் சாவி போட்டு முன்பணம் ஏற்றும் மீட்டர் இருக்கும். நாங்கள் மாறிய இரண்டாவது வீட்டில் அப்படித்தான். 20 பவுண்டு ஏற்றினால் வாரம் 5 பவுண்டு எதற்கென்றே தெரியாமல் குறைந்தது. பழைய குடித்தனக்காரர் வைத்துவிட்டுப் போன கடனை மீட்டர் பிடித்துக்கொண்டிருந்தது. வாடகை ஒப்பந்தத்தை அனுப்பியதும் புதுச் சாவி கொடுத்தார்கள், பிடித்த பணமும் திரும்பியது. அந்த வகை மீட்டர் என்றால் பணம் ஏற்றுவதற்கு முன்பே கம்பெனியைக் கூப்பிட்டு, புதுக் குடித்தனம் என்று சொல்லிவிடுங்கள்.

தண்ணீருக்கு அந்தப் பகுதிக்கு ஒரே கம்பெனிதான், தேர்ந்தெடுக்க முடியாது. சாக்கடைக் கட்டணமும் அதோடு சேர்ந்தே வரும். மீட்டர் இல்லாத பழைய வீட்டில் தனியாள் இருந்தாலும் வீட்டின் பழைய மதிப்பை வைத்துத்தான் பில். ஒருவர், இருவர் என்றால் மீட்டர் போடச் சொல்லிக் கேட்பது பெரும்பாலும் லாபம். காவிரித் தண்ணீர் வரும் நாளுக்குக் குடத்தோடு காத்திருந்து வளர்ந்த நமக்கு அளந்து செலவழிப்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

டி.வி. உரிமம் என்று ஒன்று இருக்கிறது. 2025 ஏப்ரலில் அது வருடம் 174.50 பவுண்டாக இருந்தது. டி.வி. பெட்டி இருந்தால் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எந்தச் சேனலாக இருந்தாலும், எந்த ஆப்பாக இருந்தாலும், ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் பார்த்தால் உரிமம் வேண்டும். செல்போனில் பார்த்தாலும் அப்படித்தான். பி.பி.சி.யின் ஐபிளேயர் ஆப்பில் எப்போது பார்த்தாலும் வேண்டும். சன் டி.வி. சீரியலை ஓடும் நேரத்திலேயே பார்த்தால் வேண்டும், மறுநாள் ஆப்பில் எடுத்துப் பார்த்தால் வேண்டாம். ஐ.பி.எல். நேரலைக்கு வேண்டும். அம்மா என்னோடு வந்து தங்கியிருந்த மாதங்களுக்காக நான் உரிமம் எடுத்தேன். ஒன்றுமே நேரலையாகப் பார்க்காதவர்கள் 'தேவையில்லை' என்று இணையத்தில் அறிவித்துவிட்டால் கடிதங்கள் குறையும். உரிமம் இல்லாமல் பார்த்துப் பிடிபட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு.

இப்போது அந்தப் பெண் கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன்.

அங்கே வரி வருடம் ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. அதில் முதல் 12,570 பவுண்டுக்கு வருமான வரி இல்லை. அதற்கு மேல் 50,270 வரை 20 சதவீதம். நேஷனல் இன்சூரன்ஸ் என்ற அரசுக் காப்பீட்டுப் பிடித்தம் தனி, அது இப்போது 8 சதவீதம், மாதச் சம்பளத்தில் 1,048 பவுண்டுக்கு மேல் உள்ளதுக்கு. மருத்துவமனை வேலை என்றால் பென்ஷன் பிடித்தமும் உண்டு. ஆரம்பத்தில் கை இறுக்கம் என்று பென்ஷனிலிருந்து விலகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விலகினால் நம் பங்கு கைக்கு வரும், ஆனால் முதலாளி போடும் பெரிய பங்கு போய்விடும். யோசிக்காமல் விலகாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

சம்பளச் சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது வரிக் குறியீடு. 1257எல் என்று இருந்தால் நல்லது. அதன் பின்னால் எம்1 என்று ஒட்டியிருந்தால் அது அவசரக் குறியீடு. என் கணக்கைச் சொல்கிறேன். பென்ஷன் போக வரிக்கு உட்பட்ட சம்பளம் மாதம் 2,000 பவுண்டு அளவு. அவசரக் குறியீட்டில் ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். 1,047-க்கு வரி இல்லை, மிச்சம் 950-இல் 20 சதவீதம், 190 பவுண்டு பிடித்தார்கள். நான்கு மாதம் அப்படியே போனது, 760. அக்டோபரில் சேர்ந்த எனக்கு மார்ச் வரை ஆறு மாதச் சம்பளம் மொத்தமே 12,000. அது 12,570-ஐத் தொடவில்லை. அந்த வருடம் எனக்கு வருமான வரியே கிடையாது! வார்டில் கேரளத்துச் சேச்சி ஒருவர் என் சீட்டை வாங்கிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் வரித்துறைக்குப் போன் போட்டேன். குறியீட்டை மாற்றினார்கள், பிப்ரவரி சம்பளத்தோடு முழுவதும் திரும்பி வந்தது. நேஷனல் இன்சூரன்ஸ் அந்தந்த மாதத்துக்கானது, அது இப்படித் திரும்பாது.

இந்தச் சிக்கல் வராமலிருக்க, சேரும்போது தரும் புது ஊழியர் படிவத்தைச் சரியாக நிரப்ப வேண்டும். ஏப்ரல் 6-க்குப் பிறகு இதுதான் முதல் வேலை என்ற வாசகம் அதில் இருக்கும், இங்கிருந்து நேராகப் போகிறவர்களுக்கு அதுவே பொருந்தும். அதே படிவத்தில் மாணவர் கடன் உண்டா என்றும் கேட்பார்கள். அது அந்த நாட்டு அரசின் கல்விக் கடன். நம்மூர் வங்கியில் வாங்கிய கடன் அதில் சேராது. என் கூட வந்த பெண் வங்கிக் கடனை நினைத்து 'ஆம்' என்று போட்டுவிட்டாள். இல்லாத கடனுக்கு மாதா மாதம் பிடித்தார்கள், நிறுத்தி வாங்குவதற்குள் அரை வருடம் ஓடிவிட்டது.

வருடம் முடிந்ததும் அந்த வருடச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் பி60 என்ற தாள் தருவார்கள், பத்திரம். சீருடையை வீட்டில் துவைப்பதற்கும் நர்சிங் கவுன்சிலுக்குக் கட்டும் வருடக் கட்டணத்துக்கும் வரிச் சலுகை கேட்கலாம். சின்னத் தொகைதான், ஆனால் நான்கு வருடம் பின்னோக்கியும் கேட்கலாம். அதை நேரே அரசு இணையதளத்திலேயே செய்யுங்கள், கமிஷனுக்குச் செய்கிறவர்களிடம் கொடுக்காதீர்கள்.

வைத்தியம் இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மருத்துவப் பணி விசாவில் போகும் நமக்கும் குடும்பத்துக்கும் சுகாதாரக் கூடுதல் கட்டணம் கிடையாது. காட்பாடியில் படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு உண்டு, தலைக்கு வருடம் 1,035 பவுண்டு. விசா எத்தனை வருடமோ அத்தனைக்கும் முன்கூட்டியே. மூன்று வருட விசாவில் கணவன் மனைவி என்றால் 6,210. மாணவருக்கு வருடம் 776. இதைத் தெரியாமல் கடன் வாங்கும் தொகையைக் குறைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, கடைசி வாரம் நகையை வைக்க ஓடிய குடும்பம் எங்கள் தெருவிலேயே உண்டு. டாக்டர் எழுதித் தரும் மருந்துக்கு இங்கிலாந்தில் ஒவ்வொன்றுக்கும் 9.90 பவுண்டு. மருந்தின் விலை எதுவானாலும் அதேதான். பாராசிட்டமால் மாதிரி விஷயத்துக்குக் கடையிலேயே வாங்கிவிடலாம், ஒரு பவுண்டுகூட ஆகாது. மாதா மாதம் இரண்டு மூன்று மருந்து எடுப்பவர்கள் வருடத்துக்கான முன்பணச் சான்று வாங்கினால் மிச்சம். கர்ப்பிணிகளுக்கும் பிரசவமாகி ஒரு வருடம் வரைக்கும் இலவசம், அதற்கு மருத்துவச்சியிடம் சான்று கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டு அட்வான்ஸ் விஷயத்தில் மட்டும் நமக்கு நிம்மதி. இங்கே பத்து மாத வாடகையைக் கொட்டிக் கொடுத்தவர்கள் நாம். அங்கே சாதாரண வாடகை வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, 2019-இலிருந்து சட்டம். வாங்கிய பணத்தை முப்பது நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு நமக்குத் தாள் தர வேண்டும். அந்தத் தாளைக் கேளுங்கள்.

கார் வாங்கினால் ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். நம்மூர் மாதிரி ஆயுள் வரி இல்லை, வருடா வருடம் கட்ட வேண்டும். பழைய கார் வாங்கும்போது விற்றவர் கட்டிய வரி நமக்கு வராது. ஓட்டிக்கொண்டு வருவதற்கு முன் நம் பெயரில் கட்டியாக வேண்டும்.

வரித்துறையிலிருந்து பேசுகிறோம், உடனே கட்டாவிட்டால் கைது என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். கவுன்சில் டாக்ஸ் திரும்ப வருகிறது, இந்த இணைப்பைத் தொடு என்ற குறுஞ்செய்தியும் அப்படித்தான். புதிதாக வந்தவர்கள் பயப்படுவார்கள் என்று தெரிந்தே வலை விரிக்கிறார்கள். சந்தேகமிருந்தால் பழைய கடிதத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நாமே கூப்பிட்டுக் கேட்கலாம்.

இங்கே உள்ளதையும் மறக்கக் கூடாது. வெளிநாட்டில் குடியேறியதும் வங்கியில் சொல்லி, சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வரும் வருமானத்துக்கு வைக்கும் கணக்காக, மாற்ற வேண்டும். அதன் வட்டியில் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிப்பார்கள். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு வைத்தால் அந்த வட்டிக்கு இங்கே வரி இல்லை. குடியாத்தம் வீட்டுக்கு நான் ஏப்ரலிலும் அக்டோபரிலும் இணையத்திலேயே வரி கட்டிவிடுகிறேன். அந்தந்த அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. ரசீதை அச்செடுத்து அம்மாவின் மஞ்சள் பைக்கு அனுப்பிவிடுவேன், அவளுக்குத் தாளாக இருந்தால்தான் கட்டியதாகக் கணக்கு.

வீட்டைக் காலி செய்யும்போது வந்த நாள் செய்ததையே மறுபடி செய்ய வேண்டும். மூன்று மீட்டர் போட்டோ, கவுன்சிலுக்குத் தேதி, கரண்டு, கேஸ், தண்ணீர் கம்பெனிகளுக்குப் புது முகவரி. வேலையை விட்டால் அதுவரைக்குமான சம்பளமும் வரியும் காட்டும் பி45 தாள். ஊருக்கே திரும்புகிறவர்கள் அங்குள்ள வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். ஆம்பூர்ப் பெண் போன வருடம் திரும்பி வந்தாள். அவள் கணக்குக்குக் கேஸ் கம்பெனியிலிருந்து 140 பவுண்டு, கவுன்சிலிலிருந்து 62, வீட்டு அட்வான்ஸ் முழுவதும் என்று ஒவ்வொன்றாக வந்து சேர இரண்டரை மாதம் ஆனது. வருமான வரி திரும்பியது அதற்கும் பிறகு.